ஸ்டூல் வந்த பிறகும் தீராத சலிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜவுளிக்கடை ஊழியர்கள் ஒரு சேலையை எடுத்துக் காட்டக்கூடச் சலித்துக்கொள்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் வருந்தியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. மதுரையில் ஒரு பெரிய கடையின் சேலைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில், அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை சாத்தும்வரை நின்றாக வேண்டும் என்பது எங்கள் கடையின் எழுதாத விதி. மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்கள் கால் மாற்றிக் கால் ஊன்றி அலமாரியில் முதுகைச் சாய்ப்பார்கள். அது கேமராவில் தெரிந்துவிட்டால் கல்லாவிலிருந்து போன் வரும். ஒரு தீபாவளிக்கு முன்பு, ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காக முதலாளி வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்து வந்தார். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அதையும் எல்லோரும் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

கேரளத்தைப் பின்பற்றி நம் மாநிலத்திலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமானது. எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. பிரித்துப் போட்ட சேலைகள்தான் முதலில் அவற்றின்மேல் உட்கார்ந்தன. முதலாளியே நேரில் வந்து "உட்காரும்மா" என்று சொன்ன பிறகுதான் ஆட்கள் உட்காரத் துணிந்தார்கள்.

கால்வலி குறைந்ததே தவிர, வேலையில் ஈடுபாடு கூடியது என்று சொல்ல மாட்டேன். சம்பளமும் வசதியும் குறைந்தால் வெறுப்பு வரும், ஆனால் அவை சரியாகிவிட்டால் மட்டும் ஈடுபாடு வந்துவிடாது என்று அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதியதைப் பின்னாளில்தான் படித்தேன். எனக்கு அது புரிந்தது வேறு வழியில். கொள்முதலுக்கு ஆள் கிளம்பும் சமயத்தில், பதினோரு ஆண்டுகளாக எங்கள் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாவிடம் என்ன சரக்கு எடுக்கலாம் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பருத்தியில் ஒன்பது கஜம் கேட்டு வந்து வாரத்துக்கு நாலைந்து பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றார். இருபது சேலைகள் வரவழைத்தோம். ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "யாருண்ணே எங்கள கேட்டா?" என்றார்.

மறுநாளே அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று சொன்ன சரக்கையெல்லாம் குறிக்கத் தொடங்கினார். மற்றப் பெண்களும் அவரிடம் வந்து சொல்லி எழுதவைத்தார்கள். "அடுத்த வாரம் வாங்கக்கா, எடுத்து வைக்கிறேன்" என்ற பேச்சை எங்கள் பிரிவில் நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

நான் ஓய்வு பெற்றபோது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இன்சென்டிவ் இன்னமும் விற்ற சேலைக்கு மட்டுமே. எந்தச் சரக்கு வேண்டுமென்று சொன்னவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. அதை மாற்றும்படி முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை மேற்பார்வையாளர்,
மதுரை.