பிரிக்காத பெட்டிகள்

கோத்தகிரி,
மாசி மாதம்

அன்புள்ள கண்ணு,

குன்னூர் வீட்டுப் பின்னறையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளை இந்த மாசி வெயிலிலேயே பிரித்துவிடு. ஐப்பசி மழை வரை விட்டால், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று பூஞ்சணமே முடிவு செய்துவிடும்.

கோயம்புத்தூரில் "என்றைக்காவது ஆகும்" என்று பரணில் போட்டது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இங்கே மலை ஈரத்தில் கிடக்காது. மாப்பிள்ளையின் ஷூக்களை முதலில் எடு. அடிப்பாகம் பஞ்சு போல் லேசாக இருந்தால் பெரும்பாலும் அது பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும். என்றோ ஒருநாள் போட்டு நடந்தால் பொடியாக உதிரும். செயற்கைத் தோல் கைப்பைகளும் அப்படித்தான், பிசுபிசுத்து உரியும். நல்லதாக இருக்கும்போதே யாருக்காவது கொடு.

கரும்புள்ளி விழுந்த தலையணை, மெத்தையை வெயிலில் போட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளே இறங்கிய பூஞ்சணமும் வாடையும் போகாது. மிச்சமான சிமென்ட் மூன்று மாதத்திலேயே பலம் குறையும். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் மூட்டையோடு கழித்துவிடு.

உப்பிய பேட்டரியுள்ள பழைய போனைக் குத்தாதே, சார்ஜ் போடாதே, குப்பையில் சேர்க்காதே, தீப்பிடிக்கும். மின்கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடு. ரிமோட்டில் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறை போட்டு, வினிகர் நனைத்த துணியால் துடை.

மலையில் வைத்தே ஆக வேண்டிய "என்றைக்காவது" சாமானும் உண்டு. 2009 நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலையும் ரயில் பாதையும் அடைபட்டன. தார்ப்பாய், நைலான் கயிறு, டார்ச், மெழுகுவத்தி இவற்றில் கை வைக்காதே. தீப்பெட்டி இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கட்டும்.

அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொள்ளாதே. ஈரத்தை உறிஞ்சும், பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும். நன்றாகக் காய்ந்ததை மட்டும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வை. அரைகுறை ஈரத்தோடு மூடினால் திறந்து வைத்ததைவிட மோசம். வெளிச்சுவர் இரவில் குளிர்ந்து வியர்க்கும், அதனால் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, செங்கல் மேல் பலகை போட்டு அடுக்கு.

வெளி ஷெட்டில் பழைய எண்ணெய் டின் ஒன்றுகூட வேண்டாம். வாடைக்குக் கரடி கதவையே பெயர்க்கும்.

கம்பளிகளை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. உலர்த்தி, வேப்பிலை போட்டு வை. மார்கழியில் அப்பாவும் நானும் வந்து தங்குவோம்.

அம்மா