வெறும் படமாக இருந்த பக்கங்களைப் பேசவைத்தவர்களுக்கு

அன்புள்ள நூலகர் அம்மா, ஸ்கேன் பிரிவுத் தம்பி, முகம் தெரியாத மெய்ப்புத் திருத்துநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, 312 பக்க நாவல் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து முடித்தேன். காதால்தான் என்றாலும் வாசித்தேன் என்றே எழுதுகிறேன். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லாமல், ஒன்பது வருடத்துக்குப் பிறகு நானே தனியாக முடித்த முதல் புத்தகம் அது. முடித்ததும் உடனே எழுந்திருக்க மனம் வரவில்லை. கடைசி அத்தியாயத்தை மறுபடி ஓடவிட்டேன். அதற்குப் பிறகு இந்த மடலைச் சொல்லத் தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நான் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் மெய்ப்புப் பார்த்தவன். ஒற்றெழுத்து விட்டுப்போனால் எனக்கு உறுத்தும், தூக்கம் வராது. விழித்திரை நோய் வந்து முதலில் இரவுப் பார்வை போனது. பிறகு பக்கங்கள் சுருங்கி, ஒரு குழாய்க்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பதுபோல் ஆனது. கடைசியில் அந்தக் குழாயும் அடைந்தது. அன்றிலிருந்து எழுத்து என் வீட்டு அலமாரியில் இருந்தும் எனக்கு இல்லை.

நூல்களெல்லாம் கணினிக்கு வந்துவிட்டன, இனி உங்களுக்குக் கவலையில்லை என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பித்தான் உங்கள் நூலகத்துக்கு வந்தேன். அன்று நடந்தது நூலகர் அம்மாவுக்கு நினைவிருக்கும். நான் கேட்ட நூலை நீங்கள் கணினியில் திறந்தீர்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் ‘வெற்று ஆவணம்’ என்றது. இன்னொரு நூலைத் திறந்தீர்கள். அதற்கும் ‘வெற்று ஆவணம்’. மூன்றாவதுக்கும் அதேதான். திரையில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று நீங்கள் வியந்தீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எழுத்தின் புகைப்படம். அதற்குள் ‘அ’ என்றோ ‘ம்’ என்றோ சொல்ல ஒன்றுமே இல்லை. கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மட்டும்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ‘எங்களால் முடிந்தது இவ்வளவுதான் சார்’ என்று அனுப்பியிருப்பார்கள். வேறொரு இடத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். “இது எங்க தப்புங்க ஐயா. ஸ்கேன் பண்ணி ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டோம். ஒரு புத்தகம் சொல்லுங்க, அதுலேர்ந்து ஆரம்பிப்போம்” என்றீர்கள். இருபத்தேழு வயதில் நானே மெய்ப்புப் பார்த்த நாவலின் பெயரைச் சொன்னேன். முதல் நன்றி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு.

அடுத்தது ஸ்கேன் பிரிவுத் தம்பிக்கு. கோப்பின் அளவு குறைய வேண்டும் என்று முன்பு யாரோ அந்தப் புத்தகத்தைக் குறைந்த தெளிவில் எடுத்து வைத்திருந்தார்கள். கண்ணால் படிக்க அது போதும், படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்குப் போதாது. அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டும் என்று தம்பி முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து மறுபடி எடுத்தார். தைத்த புத்தகத்தை அழுத்தி விரித்தால் முதுகு உடையும், அழுத்தாமல் விட்டால் தையலோரம் வரிகள் வளைந்து எழுத்து நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் கையால் பிடித்துப் பிடித்து 312 பக்கம்! அச்சகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், அந்தப் பொறுமை சம்பளத்தில் வருவதில்லை.

பிறகு எழுத்துணரி. டெஸராக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள். 1980-களில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 2005-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. தமிழும் படிக்கிறது. ஆனால் பிழையில்லாமல் படிப்பதில்லை. ‘ர’வும் துணைக்காலும் அச்சில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ‘பாரம்’ என்பதை அது ‘பரரம்’ என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி மங்கிய இடத்தில் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஒரு பக்கத்தில் இப்படி ஏழெட்டு வந்தால் போதும், கேட்பவன் கதையை விட்டுவிட்டு விடுகதைக்கு விடை தேட வேண்டியதுதான்.

இங்கேதான் நீங்கள் வந்தீர்கள், மெய்ப்புத் திருத்துநர்களே. ஆறு பேர் என்று நூலகர் அம்மா சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் மூவர், குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் உட்கார்ந்த தாய் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம் என்ற ஒருவர். ஒருவர் திருத்திய பக்கத்தை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள். தன்னார்வலர்கள் நூல்களை ஏற்றும் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்திலும் இந்த வழக்கம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெய்ப்புப் பார்க்காத பக்கம் அங்கே சிவப்பில் இருக்குமாம். ஒருவர் பார்த்ததும் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்ததும் பச்சை. எங்கள் அச்சகத்திலும் முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு என்றுதான் போகும். தாள் மாறினாலும் முறை மாறவில்லை என்று கேட்டபோது எனக்குச் சொந்த ஊருக்குப் போனதுபோல் இருந்தது.

உங்களால் பிடிக்க முடியாத ஒரு பிழையைப் பற்றியும் எழுத வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உங்களோடு வேலை கிடைத்தது.

முதல் மூன்று அத்தியாயங்களை எனக்கு அனுப்பினீர்கள். கேட்டுக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் குரல் ‘ஒ-ள-வை’ என்றது. நிறுத்தி, பின்னால் போய், எழுத்தெழுத்தாகக் கேட்டேன். ‘ஔ’ என்ற ஒரே உயிரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எத்தனை பேர் பார்த்தாலும் கண்ணுக்கு அது பிழையே இல்லை. ‘கௌரவம்’ என்பதிலும் அப்படித்தான். இன்னோரிடத்தில் ‘எ’ வர வேண்டிய இடத்தில் குரல் ‘ஏழு’ என்றது. தமிழ் எண் ஏழின் வடிவம் ‘௭’ அச்சு அசலாக எகரம்தானே! கேட்பவனுக்கு மட்டும் இது தொல்லை என்று நினைக்க வேண்டாம். நூலகத்தின் தேடல் பெட்டியில் ‘ஔவையார்’ என்று சரியாக அடிக்கும் மாணவிக்கு, பிழையாக ஏறிய ‘ஒளவையார்’ அகப்படவே மாட்டார். நூல் இருந்தும் இல்லாததுபோல்தான்.

இதை நான் சொன்னதும் நூலகர் அம்மா சொன்ன பதில்: “அப்ப மூணாவது மெய்ப்பு நீங்கதான் ஐயா.” வேலை போன பிறகு யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு சோடிக் கண்களையும் ஒரு சோடிக் காதையும் தாண்டித்தான் வெளியே போகிறது. காதுக்கும் தப்புவது உண்டு. ‘ந’வும் ‘ன’வும் இந்தக் குரலில் எனக்குப் பிரித்துத் தெரிவதில்லை. அதை உங்கள் கண்களே பார்த்துக்கொள்கின்றன.

பதினோராவது அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் பாதியில் வேறொரு வாக்கியமாக மாறியது. சந்தேகப்பட்டுச் சொன்னேன். தம்பி அலமாரிக்குப் போய் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தார். மூன்று தாள்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. நான்கு பக்கம் ஸ்கேனில் ஏறவே இல்லை. ‘மின்னூல் வந்துவிட்டது, பழைய தாளைக் கழித்துவிடலாம்’ என்று அந்தப் பிரதியை எடைக்குப் போட்டிருந்தால் அந்த நான்கு பக்கம் போனது போனதுதான். கழிவுப் பட்டியலில் அதைச் சேர்க்க விடாமல் காப்பாற்றியவர் யார் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இந்த நாவலாசிரியரின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட முடியாது. பிறகு எனக்கு மட்டும் எப்படித் தர முடிந்தது என்று கேட்டேன். மராகேஷ் உடன்படிக்கையை நூலகர் அம்மா எனக்கு விளக்கினார். 2013 ஜூன் 27 அன்று மொரோக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காகப் படிக்கத்தக்க வடிவில் பிரதி செய்யவும், ஒரு நாட்டில் செய்ததை இன்னொரு நாட்டுக்கு அனுப்பவும் உரிமையாளரிடம் தனித்தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டாம் என்பதற்கு அது வழி செய்கிறது. எங்களைப் போன்றவர்களின் நிலையைப் ‘புத்தகப் பஞ்சம்’ என்று அந்தப் பேச்சுவார்த்தைகளில் சொல்வார்களாம். அந்தச் சொல்லைக் கேட்டபோது, என் ஒன்பது வருடத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்திருந்தது தெரிந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து விடாமல் வாதாடியவர்கள் இந்தத் தமிழ் மடலைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் அத்தியாயத் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறியிட்டு வைத்ததால், ‘எச்’ விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுகிறது. பார்க்கிறவர்கள் புத்தகத்தை விரலால் புரட்டுவார்களே, அந்தச் சுகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

எங்கள் அச்சகத்துக்குக் கணினி வந்தபோது அடித்த கோப்புகள் சில வீட்டில் இருந்தன. அவற்றையும் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அச்சகங்களில் பல வருடம் ஆளுக்கொரு எழுத்துருதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் இருக்கும். குரல் அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, என் கையால் திருத்திய பக்கங்களாயிற்றே! மாணவர்களில் ஒருவர் இரண்டு இரவில் அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். நீ நன்றாக இருக்க வேண்டும், மகனே.

இந்த வழியில் முன்னால் நடந்தவர்களையும் மறக்கக் கூடாது. 1971-ல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தன் கையால் கணினியில் தட்டி ஏற்றியதில் தொடங்கியதுதான் குட்டன்பெர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் நூலகம். தமிழுக்கு 1998-ல் மதுரைத் திட்டம் வந்தது. நாடு நாடாகச் சிதறியிருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். படமாக இல்லாமல் எழுத்தாக ஏற்றினார்கள் என்பதால்தான் அவர்கள் ஏற்றியது இன்று என் காதுக்கும் வருகிறது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மின்னூல் இரவல் தரும் செயலி ஒன்றில், திருட்டைத் தடுக்கிறோம் என்று எழுத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதனால் திரைவாசிப்பானால் தொடக்கூட முடியவில்லை. உள்ளே நுழையும்போது ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க இந்தப் படத்தில் உள்ளதை எழுதுங்கள்’ என்று வேறு கேட்டது. கண் இல்லாதவன் எதைச் சொல்லி நிரூபிப்பது? நூலகர் அம்மா அவர்களுக்கு நாலு முறை கடிதம் எழுதினார். படப் புதிருக்குப் பக்கத்தில் இப்போது ஒலிப் புதிரும் வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பூட்டு இன்னும் திறக்கவில்லை, ஐந்தாவது கடிதம் போகிறது.

நாவலின் 203-ஆம் பக்கத்தில் ஒரு விஷயம் நடந்தது. ‘கண்டுப் பிடித்தான்’ என்று குரல் தேவையில்லாத ‘ப்’ ஒன்றை அழுத்தியது. எழுத்துணரியின் பிழை என்று நினைத்துச் சொன்னேன். அச்சுப் பிரதியிலும் அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான் விட்ட பிழை. “திருத்திடலாமா ஐயா?” என்று உங்களில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். அச்சில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும், சரியான வடிவத்தைக் குறிப்பாகச் சேர்க்கலாம். நாம் செய்வது நூலைக் காப்பது. புதிதாக எழுதுவது இல்லையே. நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அப்படியே செய்தீர்கள். அதற்கும் நன்றி.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் மெய்ப்பு

பி.கு.: அடுத்து எடுத்திருக்கும் கட்டுரைத் தொகுப்பின் முதல் இருபது பக்கங்களைக் கேட்டுவிட்டேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாவற்றிலும் எழுத்துணரி தடுமாறியிருக்கிறது. பக்கம் 4, வரி 9: ‘மலை’ என்பது ‘மல’ என்று கேட்கிறது. பக்கம் 11, வரி 2: ‘துணை’ என்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பக்கம் 17-ல் அடிக்குறிப்பு நடுப்பத்திக்குள் புகுந்துவிட்டது. மீதியைப் புதன்கிழமை அனுப்புகிறேன்.