செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஈயம் பற்றவைக்கும் பயிற்சி ஹட்டனில் நடந்தது. சிரமதானம் மழையால் கைவிடப்பட்டது.

அடுத்தது மழைமானிப் பலகை, அதாவது பெய்யும் மழையை எண்ணும் மின்சுற்றுப் பலகை. இதற்கு ஏன் இவ்வளவு காலம் என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுக்குள் போனதை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நம் லயன்களுக்கு மேலேயுள்ள சரிவில் பெய்வதை நாமே அளக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலை.

கடையில் விற்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை போதாதா என்றும் கேட்டார்கள். படிக்க நல்ல பலகை. ஆனால் அதன் யூஎஸ்பி சிப்பும் பவர் விளக்கும் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். மலையில் பெட்டரி தாங்காது. அதன் சுற்று வரைபடம் யாரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த உரிமத்தில் இருப்பதால், வேண்டாததைக் கழித்து, அதன் மூளையான ஏடிமெகா328பி சிப்பை மட்டும் வைத்து, கிகேட் என்ற சுற்று வரையும் மென்பொருளில் புதிதாக வரைந்திருக்கிறேன். சிப்புக்குள்ளேயே 8 மெகாஹேர்ட்ஸ் கடிகாரம் இருப்பதால் கடிகாரத் துடிப்புத் தரும் கிரிஸ்டல் தனியாகத் தேவையில்லை. மழைமானியின் சிறு கிண்ணம் மழைநீர் நிரம்பிக் கவிழும்போதெல்லாம் காந்த சுவிட்ச் சிப்பை எழுப்பும். எண்ணிவிட்டு அது மறுபடி தூங்கிவிடும். தூக்கத்தில் எடுப்பது சில மைக்ரோஅம்பியர்தான். மாற்றியதை வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது விதி. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் நம் கோப்பை எடுத்துச் செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பலகையைச் செய்ய அனுப்புமுன் இன்னொருவர் வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும். செம்புக்கோடு ஒன்று பிழைத்தால் பிறகு கத்தியால் வெட்டித்தான் திருத்தலாம். பார்ப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் ஒரு மாதமும் வரவில்லை. கொழும்பில் வேலை என்பது புரிகிறது. ஆனால் படம் தொலைபேசியிலேயே திறக்கும். ஒரு பதிலாவது அனுப்பியிருக்கலாம். வேலை அங்கேயே நிற்கிறது.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பலரிடமிருந்து இன்னும் வரவில்லை. அது வந்திருந்தால் பலகைச் செலவுக்குக் கைமாற்றுப் பேச்சே எழுந்திருக்காது.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

சரி, வரும் ஆண்டு. வைகாசி மழைக்கு முன் ஒரு பலகையாவது சரிவில் நிற்க வேண்டும். நான் தொடரத் தயார், தனியாக முடியாது. வரைபடத்தின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். சந்தாப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்