தங்கச்சி பிறந்த நேரம்

துரோன்ஹெய்ம், நோர்வே
தை 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இவ்விடம் நலம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் நலமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். ஐப்பசியில் நீங்கள் எழுதிய கடிதம் மூன்று மாதமாக என் மேசையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைக்கிறோம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்; ஆனால் அப்பாவும் சின்ன மாமாவும் பெரியம்மாவும் மாறி மாறி வாங்கிக் கதைக்கும்போது, சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே நேரம் முடிந்துவிடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்கழிக் கடைசியில் இங்கே சூரியன் ஏறக்குறைய நாலரை மணித்தியாலம் மட்டுமே தலைகாட்டும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அறை சூடாகத்தான் இருக்கிறது, அதைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்துவிட்ட சிவப்பரிசி மா முடிந்துவிட்டபடியால், கடையில் வாங்கும் வெள்ளை மாவிலும் உறைய வைத்த தேங்காய்ப்பூவிலும் புட்டு அவிக்கிறேன். கீழ்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியே இருக்கிறார் என்று முன்பு சொல்லியிருக்கிறேன். உருளைக்கிழங்கு மாவில் மெல்லிதாகச் சுட்ட ரொட்டியை, வெண்ணெயும் சீனியும் தடவிச் சுருட்டி, நத்தாருக்கு எனக்கும் தந்தார். அவருடைய சுவரில் ஏழு மணிக்கூடுகள் இருக்கின்றன. இந்த நாட்டில், மார்ச் என்கிற பங்குனிக் கடைசி ஞாயிறு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், ஒக்டோபர் என்கிற ஐப்பசிக் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னே இழுப்பார்கள். அந்த இரண்டு நாட்களிலும் கதிரையில் ஏறி ஏழையும் மாற்றிக் கொடுப்பது என் வேலை. கைபேசி தானே மாறிவிடுமே என்று சொன்னால், கையால் திருப்பிய நேரத்தைத்தான் நம்புவேன் என்பார்.

இந்த நேர மாற்றம்தான் என் வேலையிலும் பெரிய தலையிடி. நாங்கள் செய்வது, ஆட்கள் முன்கூட்டியே நேரம் பதிந்து வைக்கும் மென்பொருள். ஐப்பசிக் கடைசி ஞாயிறு அதிகாலை மூன்று மணியானதும் மீண்டும் இரண்டு மணியாகும். ஆகவே அன்றைக்கு இரண்டரை மணி இரண்டு தரம் வருகிறது. அன்று பதிவான நேரங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று எங்கள் மென்பொருளுக்குத் தெரியாமல் போனதால், அந்தக் கிழமை முழுவதும் இரவில் விழித்திருந்து திருத்த வேண்டியிருந்தது. உங்களுக்குப் பதில் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த இரவுகளில் ஒன்றில்தான் நான் ஒன்றைக் கண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், அம்மா. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். உலகத்தில் எந்த ஊரில் எந்த ஆண்டு மணிக்கூடு எவ்வளவு மாற்றப்பட்டது என்பதையெல்லாம் தொகுத்த ஒரு பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் அதைப் பார்த்துத்தான் நேரத்தைக் கணக்கிடுகின்றன. நெடுங்காலமாக அதைப் பேணிவருபவர் பால் எகர்ட் என்ற அமெரிக்கர். அதில் கொழும்பு என்று தலைப்பிட்ட பகுதியைத் திறந்து பார்த்தேன். 1996 வைகாசியில், மழையில்லாமல் மின்சாரம் போதாமற் போனபோது, அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியதும், அதே ஆண்டு ஐப்பசியில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்ததும், 2006 சித்திரையில்தான் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்குத் திரும்பியதும் வரிசையாக இருந்தன.

நாங்கள் அந்தப் பத்து ஆண்டும் மாற்றவில்லையே, அம்மா. வன்னியில் எங்களுடைய மணிக்கூடு பழைய நேரத்திலேயே ஓடியது. 2002 இல் பாதை திறந்தபின் அப்பாவோடு வவுனியாவுக்குப் போனபோது, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் அப்பா கைக்கடிகாரத்தின் திருகைப் பெருவிரல் நகத்தால் இழுத்து, முள்ளை அரை மணித்தியாலம் முன்னே நகர்த்தினார். திரும்பி வரும்போது அதே இடத்தில் பின்னே நகர்த்தினார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அதுவும் அந்தப் பட்டியலில் இருக்குமா என்று தேடினேன். இருந்தது. தமிழர் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் 1996 இன் மாற்றத்தை ஏற்கவில்லை என்றும், அங்கே வாழ்பவர்கள் கொழும்பை விட்டு, அதே ஐந்தரை மணிக் கணக்கில் ஓடும் கல்கத்தா நேரத்தைத் தெரிவு செய்யலாம் என்றும் 2006 இல் எழுதப்பட்ட குறிப்பு. அது கணினி வாசிக்கும் வரியல்ல. கணினி அதைத் தாண்டிப் போய்விடும், வாசிக்கும் மனிதருக்காக மட்டும் எழுதி வைத்த வரி. எங்கோ இருந்த ஒருவர் எங்களுடைய அரை மணித்தியாலத்தையும் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, அந்த இரவில் கதைக்க ஒருவரும் அருகில் இல்லையே என்று இருந்தது. உடனே உங்களை எழுப்பியிருப்பேன். அங்கே விடியப் போகும் நேரம், அப்பா வயலுக்குப் புறப்பட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள்தான் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கம் நினைவுக்கு வந்தது. தங்கச்சியின் சாதகக் குறிப்பைக் கணினியில் போட்டு எடுத்ததில் ஏழில் செவ்வாய் என்று வந்ததாகவும், அதைக் கேட்டபின் வவுனியா மாப்பிள்ளை வீட்டார் பேசாமல் இருக்கிறார்கள் என்றும், அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் பிறந்தது 1999 மாசி 8, புதுக்குடியிருப்பில், அம்மம்மா வீட்டில். அம்மப்பா தன் மணிக்கூட்டைப் பார்த்து 12.25 என்று கொப்பியில் எழுதினார். அது வன்னி நேரம். அந்த மென்பொருள் இலங்கை என்றதும் கொழும்பின் ஆறு மணிக் கணக்கை எடுத்திருக்கிறது. ஆகவே அவள் உண்மையில் பிறந்ததற்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது.

இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இருந்து கணக்குப் பார்த்தேன். அன்றைக்குப் பன்னிரண்டு மணி கடந்து சிறிது நேரத்தில் மேடம் முடிந்து இடபம் தொடங்குகிறது. செவ்வாய் நிற்பது துலாத்தில். மேடத்திலிருந்து எண்ணினால் ஏழு. இடபத்திலிருந்து எண்ணினால் ஆறு. அவளுக்கு ஏழில் செவ்வாய் இல்லை, அம்மா. எனக்கு இதில் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு விடயம். ஆனால் பிழையான கணக்கை வைத்து ஒருவரும் அவளைக் குறை சொல்லக் கூடாது. இதே பத்து ஆண்டுக்குள் வன்னியில் பிறந்த எத்தனை பிள்ளைகளின் குறிப்பு இப்படிப் பிழைத்திருக்குமோ என்று நினைக்கக் கவலையாக இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது பொருத்தம் பார்க்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சின்ன மாமாவிடம் சொல்லி, குறிப்பைத் திரும்ப எழுதுவியுங்கள். பிறந்த இடம் புதுக்குடியிருப்பாகவே இருக்க வேண்டும். இந்திய நகரம் எதையும் போடக் கூடாது. நேரக் கணக்கு கேட்கும் இடத்தில் மட்டும் ஐந்தரை என்று கையால் மாற்ற வேண்டும். கணினியில் போடுபவர் மறுத்தால், பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் கணிக்கும் சாத்திரியாரிடமே போகட்டும். செலவை நான் தருகிறேன். இந்த மாதம் அனுப்பும் காசு சற்றுக் குறையும். யோசிக்க ஒன்றுமில்லை, பங்குனியில் சேர்த்து அனுப்புவேன். அறுவடை மெசினுக்கு அப்பா கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தானிடம் நான் கதைத்திருக்கிறேன். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று கூட்டத்தில் முடிவானதும் அறியத் தாருங்கள்.

இன்னும் ஒன்று. தங்கச்சி வட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பிப் பக்கத்தின் படத்தில், 2009 இல் நீங்கள் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தும் தண்ணீர் பட்ட அந்த மூலையில்தான், நேரம் எழுதியிருக்கிறது. 12.25 என்றுதான் எனக்குப் படுகிறது, 12.15 ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் இடபம்தான் வருகிறது. இருந்தாலும் அன்றைக்குப் பெரியம்மா பக்கத்தில் நின்றவ. அவவிடம் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில், திண்ணையில் வைத்து, அந்தப் பக்கத்தை இன்னொருமுறை படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மப்பாவின் கையெழுத்து முழுவதும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்