சித்தப்பாவுக்கு: நோட்டைக் கொடுத்துவிட்டேன்

சித்தப்பா,

உங்கள் லெ மான் பந்தய நோட்டைப் பாப்பாவுக்கு, உங்கள் மகளுக்கே, அனுப்பிவிட்டேன். போன வாரம் உங்கள் வருஷத் திதி முடிந்த கையோடு எடுத்த முடிவு. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு "நோட்ட நீ பாத்துக்கோ" என்றீர்கள், நானும் தலையாட்டினேன். அந்த வாக்கை இப்போது மீறிவிட்டேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முந்தின ராத்திரி முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பச்சை மையில் உங்கள் பொடி எழுத்து, பிரான்ஸில் நடக்கும் அந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தின் கணக்கெல்லாம். பெஸ்கரோலோ ஓட்டியது 33 முறை, 1966-லிருந்து 1999 வரை. டெராடா 29. கிறிஸ்டென்சன் 9 வெற்றி. 1971-ல் போர்ஷே 917 ஓடிய சாதனைத் தூரம் 5335.313 கிலோமீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று எண்களைக்கூட நீங்கள் விடவில்லை. 2010-ல் ஆடி கார் 5410.713 ஓடியபோது பழையதை அடிக்காமல் கீழே புதியதை எழுதி, நடுவில் "39 வருஷம்" என்று போட்டீர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. 1971-ல் அந்த நீண்ட நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைக்க ஒரு வளைவும் கிடையாது, 1990-ல்தான் இரண்டு வைத்தார்கள், போர்ஷே 917-இன் தூரம் இத்தனை வருஷம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினீர்கள். அந்தக் கோடு அழியாமலிருக்க இரண்டு நாள் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பாப் வொலெக் பக்கத்தில்தான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 30 முறை ஓட்டம், வெற்றி 0, இரண்டாமிடம் 4. 1997-ல் முன்னிலையில் இருக்கும்போது பாதையைவிட்டு விலகியது. 2001 மார்ச் 16, ஃபுளோரிடாவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனவர் வண்டி மோதி இறந்தார், மறுநாள் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். ஜெயித்தவர்களுக்கெல்லாம் நாலு வரி, ஜெயிக்காத அந்த மனிதருக்கு ஒரு முழுப் பக்கம். அந்தப் பக்கத்துக்காகவே உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2016 பந்தயம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான். இன்னும் சுமார் மூன்று நிமிடம் இருக்கும்போது முன்னிலையில் இருந்த நகாஜிமாவின் டொயோட்டா வேகமிழந்து, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுபோனது. நீங்கள் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு நினைவிலிருப்பது அதற்கு முந்தின ராத்திரி. மணி மூன்று இருக்கும். மழையில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு காருக்குப் பின்னால் தொடங்கிய பந்தயம், அதற்குள் காய்ந்து சூடு பிடித்திருந்தது. பாப்பா இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை, கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இதுல பொண்ணுங்க யாரும் ஓட்ட மாட்டாங்களாப்பா?"

நீங்கள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் உனக்குப் புரியாது, போய்ப் படு" என்றீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவள் கேட்டதற்குப் பதில் இருந்தது, சித்தப்பா. அந்த ராத்திரியின் ஓட்டுநர் பட்டியலிலேயே இனெஸ் தெத்தாஞ்ஜே என்ற பெண்ணின் பெயர் இருந்தது. 1930-லேயே ஓடெட் சிக்கோவும் மார்கெரித் மரோஸும் ஒரு புகாட்டியை ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். 1932-ல் சிக்கோ ஆல்ஃபா ரோமியோவில் ஒட்டுமொத்தமாக நான்காமிடம். லெ மானில் ஒரு பெண் எட்டிய அதிகபட்ச இடம் இன்றுவரை அதுதான், தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக. உங்கள் 39-ஐ எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956-ல் ரீம்ஸ் பந்தயத்தில் ஆனி பூஸ்கே என்ற பெண் ஓட்டுநர் இறந்த பிறகு, 1971 வரை பெண்களை லெ மானுக்குள் விடவேயில்லை. எத்தனை ஆண்கள் அங்கே செத்தார்கள், யாரையாவது "ஆண்கள் வேண்டாம்" என்றார்களா? கதவு திறந்த பிறகு ஆனி ஷார்லோத் வெர்னே 1974-லிருந்து 1983 வரை வருஷம் தவறாமல் பத்து முறை ஓடினார். நெடுங்காலம் தாக்குப்பிடித்தவர்களைத்தானே நீங்கள் தேடித் தேடி எழுதினீர்கள்? ஜெயிக்காதவருக்கு முழுப் பக்கம் கொடுத்த கை, இவர்களுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. பதினாறு வயதில் அங்கே ஓட்டிய மெக்மரி என்ற பையனை எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் காபி கொண்டுவந்த பாப்பாவுக்கும் பதினாறுதான்.

எனக்கும் அப்போது இது எதுவும் தெரியாது. பத்தொன்பது வயது, நீங்கள் சொன்னதுதான் எனக்கு வேதம். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் பக்கத்தில் அந்த நாற்காலி எனக்கு மட்டும் என்பதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சொந்தக்காரர்கள் "மகன் மாதிரி" என்று சொல்லும்போதெல்லாம் பாப்பா எங்கே பார்த்தாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. நீங்களும்தான். இதைச் சித்தியும் படிப்பார், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. மற்றது வீட்டோடு இருக்கட்டும்.

ஆனாலும் ராத்திரியில் லேப்டாப் சூட்டில் உங்கள் விரல் சுடாமலிருக்க ஈரத்துணி வைத்திருப்பீர்களே, அதை நினைத்தால் இந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நேரில் கேட்டிருப்பேன். நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சிக்கோ, எந்த வருஷம்னு சொன்னே?" என்று பேனாவைத் தேடியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நோட்டின் கடைசியில் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது. சிக்கோவையும் வெர்னேயையும் நானே எழுதி அனுப்பலாம் என்று பேனாவைத் திறந்தேன். அப்புறம் மூடிவைத்துவிட்டேன். உங்கள் பச்சைப் பேனாவையும் சேர்த்துப் பார்சலில் வைத்தேன், கூடவே அன்றைக்குச் சிரித்ததற்கு ஒரு சீட்டு.

பார்சல் நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சித்தப்பா.