நெடுநாள் நின்ற பழைய காரும் இன்றைய பெட்ரோலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களை, அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி என்ற பாசத்தினால் மீண்டும் சாலைக்குக் கொண்டுவர விரும்பும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிக்குப் புது பேட்டரியை மாட்டி, டேங்க்கில் ஐந்து லிட்டர் பெட்ரோலை ஊற்றி, அன்றைக்கே செல்ஃப் அடித்துப் பார்த்துவிடும் வழக்கம் பல வண்டிகளைக் கெடுத்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். நன்றாக வைத்திருந்த வண்டி பல நேரங்களில் கிளம்பியும் விடும். நான்கைந்து கிலோமீட்டர் போனபின் திணறி நிற்கும்போதுதான் கோளாறு எங்கே என்ற தேடல் தொடங்கும்.

பெட்ரோல் கெட்டுப்போகும் பொருள். அதன் இலேசான பகுதிகள் சில மாதங்களிலேயே ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றுடன் வினைபுரிந்து, வெல்லப்பாகைப் போன்ற பழுப்பு நிறப் பிசினாக டேங்க்கின் அடியிலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் கிண்ணத்திலும் படியும். பெட்ரோல் மட்டம் இறங்கியபின் மேலே வெறுமையாக நிற்கும் தகட்டில் காற்றின் ஈரம் படிந்து துருவேறும். புதிய பெட்ரோலை ஊற்றிய உடனே இந்தப் பிசின் இளகி, துருச்செதில்கள் கிளம்பி, பெட்ரோலை இழுக்கும் பம்பையும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகான ஜெட்டையும் நோக்கிப் புறப்படுகின்றன.

ஆகவே வேலை டேங்க்கில்தான் தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பழைய பெட்ரோலை வடித்து, டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பட்டறைக் குழியில் தேங்கி நின்று எங்கோ விழும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். காலி டேங்க்தானே என்று நினைத்து கேஸ் வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்க்கில் வைப்பதைவிட ஆபத்தானது என்பதை ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்டலாம். இலேசான துருவுக்கு, ஒரு துண்டுச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கி, சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி வைத்து, பின்னர் சமையல் சோடா கலந்த நீரால் அலசி, தாமதிக்காமல் உலர்த்தினால் போதும். கடுமையான அமிலத்தை ஊற்றிப் பளபளப்பாக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அக்காலத்து டேங்க்குகள் பலவற்றின் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அமிலம் துருவோடு அந்தப் பூச்சையும் தின்றுவிட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் மீண்டும் துரு வரும்.

அடுத்து, டேங்க்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாயின் இரு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். ஃபில்டரைப் புதிதாக மாற்றிவிடலாம். எஞ்சினோடு இணைந்து இயங்கும் பம்பின் டயாஃப்ரத்தை, அதாவது உள்ளே அசையும் மெல்லிய சவ்வை, மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. அது காய்ந்து கிழிந்திருந்தால், பெட்ரோல் வெளியே ஒழுகாமல் நேரே எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவும்போது ஆயில் மட்டம் உயர்ந்தும் பெட்ரோல் வாடை வீசியும் இருந்தால், எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

கார்புரேட்டரில் பொறுமைதான் முதல் கருவி. சோலெக்ஸ் என்ற வகைக் கார்புரேட்டரின் ஜெட் தலையில் பொறித்திருக்கும் 110 என்ற எண், அதன் துளை 1.10 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். அந்தப் பித்தளைத் துளையில் கம்பியை விட்டுக் குடைந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் அது அகன்று, பிறகு எத்தனை முறை டியூன் செய்தாலும் வண்டி சரிப்படாது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்டால் அதில் நுண்துளை இருக்கிறது.

இவ்வளவையும் செய்த பிறகும், நம் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கார்க் கேஸ்கெட்டையும் மெல்லக் கெடுக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து, குழாய் உறிஞ்சும் டேங்க்கின் அடியிலேயே போய் நிற்கும். முன்பு டேங்க்கின் உட்புறம் பூசிய சில பூச்சுகள்கூட எத்தனாலில் தோலாக உரிந்து குழாயை அடைக்கின்றன. மேலும், ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கோ 9 கிலோ போதும் என்பதால், அன்றைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட் இன்று போதுமான எரிபொருளைத் தராமல், எஞ்சின் சூடேறித் தடுமாறலாம். ஒரு அளவு பெரிய ஜெட் தேவைப்படக்கூடும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், கேஸ்கெட் ஆகியவற்றை ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதும், சில மாதங்கள் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதும் நல்லது.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தள்ளுபடி செய்தது. கொள்கையை எதிர்ப்பது என் நோக்கமன்று. ஆயினும், ஒவ்வொரு பங்க்கின் பம்பிலும் எத்தனால் அளவைத் தமிழில் தெளிவாக எழுதி வைக்கவும், மாவட்டத் தலைநகரில் ஒரு பங்க்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலை விற்கவும், உதிரிபாகக் கடைகளில் விற்கும் ஹோஸ் எத்தனாலைத் தாங்குமா என்பதை அதன்மீதே அச்சிடச் செய்யவும் எண்ணெய் நிறுவனங்களும் அரசும் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பராமரித்துவரும் வாசகர்,
கோயம்புத்தூர்.