காய்கனி ஏற்றுமதி விளைவிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதற்குள் நான் செல்லவில்லை. கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது விலையைப் பற்றித்தான். ஆனால் கழித்துத் தள்ளப்பட்ட சரக்குகளின் அறிக்கைகளை ஒருசேர வைத்துப் படித்தபோது, நட்டத்தின் பெரும்பகுதி காய் பறித்ததற்கும் குளிர் அறைக்குள் போனதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நேர்ந்தது என்பது தெரியவந்தது. ஆகவே இவ்வறிக்கையில் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அம்மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகிறது. நம் காய்களில் வெண்டை இதில் மிகவும் அவசரக்காரன். காலையில் பறித்த வெண்டையை வண்டி வரும்வரை வரப்பிலேயே குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு நாளில், குவியலின் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். வெயில் பட்ட மேல்காய்களைவிட உள்ளே சூடு அதிகமாக இருந்தது. பெட்டியில் அடுக்கும்போது பச்சையாகவே தெரிந்த அந்தக் காய்கள், இறங்கிய இடத்தில் முனை கறுத்து, விளிம்பு சுருங்கிக் கிடந்தன. அதன் பிறகே தோட்டத்து ஓரங்களில் நிழல்வலைப் பந்தல் போடவும், சாக்குக்குப் பதிலாகக் காற்றுப் புகும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைப் பயன்படுத்தவும், வெயில் ஏறுமுன் முதல் வண்டியை அனுப்பவும் முடிவு செய்தோம்.

குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகி, பழுத்தாலும் பொலிவு வராது. வெண்டைக்கு 7 முதல் 10 டிகிரி போதும். ஒரு நாள் இரவு குளிர் அறையின் அளவை ஒருவர் இறக்கி வைத்துவிட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. சரக்கு கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார். இப்போது வெப்பநிலைப் பலகைக்குப் பூட்டு போட்டிருக்கிறோம். பழுக்கத் தொடங்கிய மா, பப்பாளியுடன் பாகற்காயை ஒரே அறையில் வைப்பதையும் நிறுத்தினோம். பழங்கள் விடும் எத்திலீன் வாயு பாகற்காயை மஞ்சளாக்கிவிடுகிறது.

மாம்பழத்தைப் பொறுத்தவரை, காம்பை ஒட்ட ஒடித்தால் பீய்ச்சி அடிக்கும் பால் தோலில் கறுப்புத் தழும்பாகிவிடும் என்பது அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் ஒடிக்கிறோம். காம்போடு பறித்து, நிழலில் காம்பை வெட்டி, தலைகீழாகச் சாய்த்துப் பால் வடிய விடுவதற்கு ஆகும் கூலியை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பழ ஈக்கு அஞ்சும் சில நாடுகள் கேட்கும் வெந்நீர்ச் சிகிச்சையில், பழத்தின் பருமனுக்கேற்ப 65 முதல் 110 நிமிடம் வரை சுமார் 46 டிகிரி நீரில் அமிழ்த்த வேண்டியிருக்கிறது. முதிராத காய் அந்தச் சூட்டைத் தாங்காமல் காம்படியில் குழிந்துவிடுகிறது. பதமறிந்து பறிப்பவரின் கையில்தான் இது இருக்கிறது.

பூச்சிமருந்து எச்சம் குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே அதைத் தாண்டிவிடலாம் என்பதால், அடித்த மருந்தின் பெயரும் நாளும் குறிப்பேட்டில் அன்றன்றே ஏற வேண்டும். சரக்கு ஏற்றும் தினத்தில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய குறிப்பேடுகள் ஒரே பேனா மையில் இருப்பதைத் தணிக்கைக்கு வருபவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்கிறார்கள்.

பெட்டிகளை அடுக்கி அனுப்பும் மரப் பலகைத் தட்டுகளில், மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பேக்கிங் கூட மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துள்ளோம். அதன் பிறகு இதில் சிக்கல் எழவில்லை.

வரும் ஆண்டில் ஒவ்வொரு கிரேட்டிலும், பறித்த மணியையும் தோட்டத்தின் எண்ணையும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்றும், சீட்டு இல்லாத கிரேட்டைக் கூடத்தில் இறக்கக் கூடாது என்றும் செயற்குழு முன்மொழிந்துள்ளது. இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்